யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மாணவனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்

காரைக்குடிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியலும் கணக்குப்பதிவியலும் நடத்தும் ஆசிரியை ஒருவர் எட்டுப் பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊரையும் வேறு சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். நடந்தவற்றை மாற்றவில்லை.

அவருக்கு வயது 38. பன்னிரண்டாம் வகுப்பின் வகுப்பாசிரியை. அந்த வகுப்பில் 17 வயதுப் பையன் ஒருவன், முகூர்த்த நாளுக்கு மறுநாள் முதல் பீரியடிலேயே தூங்கிவிடுவான். திட்டிப் பார்த்தார், வெளியே நிற்க வைத்தார், பலனில்லை. ஒருநாள் நோட்டுத் திருத்தும்போது அவனுடைய நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்திருக்கிறார். '300 இலைக்கு' என்று தலைப்புப் போட்டு, பச்சரிசி, துவரம்பருப்பு, தேங்காய், நெய், வெல்லம், இலைக்கட்டு என்று வரிசையாக எழுதி, எதிரே விலை போட்டு, கூட்டி, ஓர் இலைக்கு எவ்வளவு அடக்கம் என்று வகுத்து வைத்திருந்தான். கூட்டலில் ஒரு ரூபாய்கூடத் தப்பில்லை. அரையாண்டுத் தேர்வில் கணக்குப்பதிவியலில் 31 மதிப்பெண் எடுத்த பையன் அவன்.

அதற்குப் பிறகுதான் டீச்சர் அவனைக் கூப்பிட்டுப் பேசினார். அப்பா கொத்தனார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டில் ஓடு மாற்றும்போது கூரையிலிருந்து விழுந்து இறந்துவிட்டார். அம்மா பலகாரம் போடும் இடத்தில் கூலிக்கு முறுக்குச் சுற்றுகிறார், சீப்புச்சீடை உருட்டுகிறார். தங்கை எட்டாம் வகுப்பு. பையன் ஒரு சமையல் மாஸ்டரின் குழுவோடு கல்யாண வீடுகளுக்கு இரவு வேலைக்குப் போகிறான். இப்போது மலேசியாவில் இருக்கும் உறவினர் ஒருவர் ஹோட்டல் வேலை வாங்கித் தருவதாகச் சொல்ல, ஏஜென்டுக்குக் கொடுக்க அம்மா தன் தோட்டை அடகு வைத்திருக்கிறார். கேட்ட தொகை 1,20,000 ரூபாய்.

மூன்று வாரத்துக்கு முன் மாடிப்படி அருகே நின்று அவன் சொன்னதாக டீச்சர் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: "அப்பா கூடவே போயிருக்கலாம் டீச்சர். நான் இருந்து என்ன ஆகப்போகுது? இதை யார்கிட்டயும் சொல்லிராதீங்க, சத்தியம் பண்ணுங்க." டீச்சர் சத்தியம் செய்துவிட்டார். அன்றிலிருந்து தினமும் இரவு பத்து மணிக்குப் போன் செய்து அவனோடு பேசுகிறார். அவ்வப்போது 500 ரூபாய் கொடுக்கிறார். போன வாரம் அம்மா பள்ளி வாசலுக்கே வந்து, "எம் புள்ளைய என்கிட்ட இருந்து பிரிச்சிராதீங்க டீச்சரம்மா" என்று அழுதிருக்கிறார். ஆசிரியர்கள் அறையிலோ, "பாடத்தை நடத்துனமா, வீட்டுக்குப் போனமான்னு இரு" என்கிறார்கள்.

அவர் கேட்பது மூன்று கேள்விகள். கொடுத்த வாக்கை மீறலாமா? படிப்பை நிறுத்தி மலேசியாவுக்கு அனுப்புவதைச் சட்டப்படி தடுக்க முடியுமா? பாடத்துக்கு வெளியே ஓர் ஆசிரியர் எவ்வளவு தூரம் போகலாம்?

அன்புள்ள டீச்சர்,

நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தீர்களே, அதற்கு முதலில் என் நன்றி. வகுப்பில் தூங்குகிற பையனைத் திட்டுவதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. அவன் உங்களிடம் மட்டும் வாய் திறந்திருக்கிறான் என்றால், அது அந்தக் கூட்டல் கணக்கை நீங்கள் மதித்துப் பார்த்ததால்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் எனக்கு உங்களைப் பற்றியும் கவலை வந்தது. ஒரு பிள்ளையின் உயிர், படிப்பு, குடும்பத்தின் கடன், ஏஜென்ட் விவகாரம் எல்லாவற்றையும் நீங்கள் ஒருவரே தூக்கிக்கொண்டு நிற்கிறீர்கள். அதை இறக்கி நாலு பேரிடம் பகிர்ந்து கொடுக்க வேண்டும். நான் சொல்லப் போவது எல்லாமே கடைசியில் இதுதான்.

வாக்கைப் பற்றி: இன்றே செய்ய வேண்டியது

மீற வேண்டும் டீச்சர். நாளை என்றுகூடத் தள்ளிப் போடாதீர்கள்.

'சொன்னால் அவன் என்னை நம்பமாட்டான், இருக்கிற ஒரு பிடியும் போய்விடும்' என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பயம் எனக்குப் புரிகிறது. இருபது வருடத்துக்கு மேல் பிள்ளைகளோடு பேசும் இந்த வேலையில் இருக்கிறேன், எனக்கே இன்னும் அந்தப் பயம் வரும். ஆனால் பிள்ளைகள் 'சொல்லாதீங்க' என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சாவைப் பற்றிப் பேசும்போது, அதைக் கேட்ட ஆள் ஏதாவது செய்யமாட்டாரா என்ற எதிர்பார்ப்பும் பெரும்பாலும் அந்தப் பேச்சுக்குள் இருக்கும். சொன்னதற்காகக் கோபப்பட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோபம் சில வாரங்களில் தணிந்து, திரும்பி வந்து பேசியிருக்கிறார்கள்.

அவனுக்குத் தெரியாமல் போய்ச் சொல்லாதீர்கள். முதலில் அவனிடமே சொல்லுங்கள். இப்படிச் சொல்லலாம்: "தம்பி, அன்னைக்கு நீ சொன்னது என் மனசை விட்டுப் போகலை. சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணினது என் தப்பு, அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது. உன் உசுரு விஷயத்தை நான் ஒருத்தி மட்டும் வச்சுக்கிட்டு இருக்க முடியாது. எச்.எம்.கிட்டயும் அம்மாகிட்டயும் பேசத்தான் போறேன். முதல்ல யார்கிட்ட சொல்லலாம், அம்மாகிட்ட எப்படிச் சொல்லலாம்னு நீயே சொல்லு." சொல்லப் போவது உறுதி. எப்படி என்பதில் மட்டும் அவன் விருப்பத்துக்கு இடம் கொடுங்கள்.

அப்புறம், நேராகக் கேட்டுவிடுங்கள். "சாகணும்னு நினைப்பு இப்பவும் வருதா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பல ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். கேட்பதால் எண்ணம் வருவதில்லை. யாராவது கேட்டால் போதும் என்று காத்திருக்கிற பிள்ளைகள்தான் அதிகம். 'ஆமாம், யோசித்து வைத்திருக்கிறேன்' என்று பதில் வந்தால் அவனைத் தனியாக விடாதீர்கள். தலைமையாசிரியரைக் கூப்பிடுங்கள், அம்மாவை வரவழையுங்கள், அன்றே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104, இரண்டிலும் எந்த நேரமும் தமிழில் பேசலாம். அவன் பேசுவதற்கு முன் நீங்களே ஒருமுறை 14416-ல் பேசிப் பாருங்கள். எப்படிப் பேசத் தொடங்குவது என்ற தயக்கம் உங்களுக்கும் குறையும்.

அம்மாவிடம் சொல்லும்போது ஒன்றை மறக்காதீர்கள். பூச்சிமருந்து, எலிமருந்து, மாத்திரை எதுவும் கைக்கு எட்டும்படி வீட்டில் இருக்கக் கூடாது. அந்த எண்ணம் உச்சத்தில் இருக்கும் நேரம் பலருக்கும் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் கையில் எதுவும் கிடைக்காமல் இருப்பதே பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

'விஷயம் போலீஸ் வரைக்கும் போய்விடுமோ' என்றும் கேட்டிருக்கிறீர்கள். இப்படி ஓர் எண்ணம் வருவதைச் சொல்வது குற்றமே அல்ல. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. தண்டிப்பதைவிட்டுப் பராமரிக்க வேண்டியது அரசின் கடமை என்கிறது. அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள்.

பத்து மணிப் போனும் 500 ரூபாயும்

போனை நிறுத்தச் சொல்லப் போகிறேன், வருத்தப்படாதீர்கள். ஊர் பேசும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அதுவும் ஒரு காரணம்தான், சின்ன ஊரில் ஓர் ஆசிரியையின் பெயரும் ஒரு பையனின் பெயரும் கெடுவதற்கு நேரம் ஆகாது. பெரிய காரணம் வேறு. தினமும் பத்து மணிக்கு உங்கள் குரல் வந்தால்தான் அவனுக்கு அந்த இரவு கழியும் என்றாகிவிட்டது. உங்களுக்குக் காய்ச்சல் வந்து ஒருநாள் போன் செய்ய முடியாமல் போனால்? உங்கள் பிள்ளைக்குப் பரீட்சை வந்தால்? அவன் அந்த இரவை என்ன செய்வான்?

திடீரென்று வெட்டிவிடாதீர்கள். அவனிடம் காரணம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். பள்ளி விட்டதும் 20 நிமிடம், நாலு பேர் கண்ணில் படுகிற இடத்தில், வராந்தாவிலோ மரத்தடியிலோ உட்கார்ந்து பேசுங்கள். அது தலைமையாசிரியருக்குத் தெரிந்திருக்கட்டும். அவசரம் என்றால் அம்மாவின் போனிலிருந்து கூப்பிடச் சொல்லுங்கள். ராத்திரிக்கு 14416 இருக்கிறது என்று அவன் நோட்டிலேயே எழுதிக் கொடுங்கள்.

பணமும் அப்படித்தான். நீங்கள் கொடுத்த 500 ரூபாய் அவனுக்கு உதவியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் வாங்குகிற பிள்ளைக்கு அது ஒரு கடனாகவே மனத்தில் ஏறும். 'டீச்சருக்காகவாவது பாஸ் பண்ணணும்' என்று அவன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இல்லை. ஏற்கெனவே அவன் தோளில் இருக்கும் பாரத்தோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. உங்கள் பையிலிருந்து கொடுப்பதற்குப் பதில் அந்தக் குடும்பத்துக்கு உரிமையாக வரவேண்டியதை வாங்கிக் கொடுங்கள். அதில் ஆசிரியர் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

அப்பா விபத்தில் இறந்தார் என்கிறீர்கள். அரசுப் பள்ளியிலும் அரசு உதவிபெறும் பள்ளியிலும் படிக்கும் பிள்ளைகளின் வருவாய் ஈட்டும் பெற்றோர் விபத்தில் இறந்தால் பிள்ளையின் பெயரில் 75,000 ரூபாய் வைப்புநிதியாகப் போடும் அரசுத் திட்டம் இருக்கிறது. பள்ளி வழியாகத்தான் விண்ணப்பம் போக வேண்டும். அப்போது யாராவது விண்ணப்பித்தார்களா என்று பள்ளியில் கேளுங்கள். இரண்டு வருடம் ஆகிவிட்டது, தாமதம்தான், ஆனாலும் முதன்மைக் கல்வி அலுவலகத்தில் கேட்காமல் விடாதீர்கள். அப்பா கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தாரா, அட்டை வீட்டில் இருக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். அம்மாவுக்கு விதவை உதவித்தொகை வருகிறதா? 2023-ல் அதை 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள்.

தங்கைக்காக ஒன்று. குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், கணவனை இழந்த தாயின் பிள்ளைகளுக்கு 18 வயதுவரை மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கிடைக்க வழியிருக்கிறது. குடும்ப வருமானத்துக்கு வரம்பு உண்டு. கிராமம் என்றால் ஆண்டுக்கு 72,000, நகரம் என்றால் 96,000. சிவகங்கையில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். பையனுக்கு 18 நெருங்கிவிட்டது, ஆனால் எட்டாம் வகுப்புத் தங்கைக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. கேட்ட எல்லோருக்கும் கிடைப்பதில்லை, அதனால் 'கண்டிப்பா வந்துரும்' என்று அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். விண்ணப்பத்தை எழுத உதவுங்கள், கூடவே ஒருமுறை போய் வாருங்கள்.

அம்மாவைப் பற்றி

கடிதத்தில் நான் அதிகம் நின்று படித்த இடம் இது. 'அந்த அம்மாவுக்குப் படிப்பின் அருமை தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். காதில் கிடந்த தோட்டைக் கழற்றி அடகு வைத்திருக்கிறார் டீச்சர். பிள்ளைக்காக அவரிடம் மிச்சமிருந்த ஒரே பொருள் அதுவாகத்தான் இருக்கும். அவருக்குத் தெரிந்த வழி அது. செட்டிநாட்டில் பிழைக்க வேண்டும் என்றால் கடல் தாண்டிப் போகவேண்டும் என்பது நூறு வருடத்துக்கு மேலாக வீடுதோறும் கேட்ட பேச்சு. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் சொந்தக் கதை ஒன்று சொல்கிறேன். நான் தேவகோட்டையில் எட்டாம் வகுப்புப் படித்தபோது கணக்கில் சரிந்துகொண்டே வந்தேன். போர்டில் இருக்கும் 3-ஐ 8 என்று எழுதுவேன். கணக்கு டீச்சர் என்னை ஒரு வாரம் கவனித்துவிட்டு, அப்பாவை வரச் சொன்னார். பிள்ளைக்குப் படிப்பு வரவில்லை என்று சொல்லப் போகிறார் என்று நான் நடுங்கிப் போனேன். அவர் என் அப்பாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "பாப்பாவுக்குக் கண்ணுதான் சரியா தெரியலைன்னு நினைக்கிறேன், நீங்க ஒருக்கா டாக்டர்கிட்ட காட்டிப் பாருங்களேன்." அப்பா கூட்டிப் போனார், கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். சாகும்வரை என் அப்பா அதைப் பெருமையாகச் சொல்வார், "நான்தான் கண்டுபிடிச்சுக் கண்ணாடி போட்டுவிட்டேன்" என்று. டீச்சரின் பெயரே அந்தக் கதையில் வராது. டீச்சர் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு விசேஷத்திலும் அப்பா இதைச் சொன்னார், அவர் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா வாசலில் வந்து அழுததற்குக் காரணம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. பிள்ளை தன்னிடம் பேசாததை உங்களிடம் பேசுகிறான். புருஷனை இழந்தவர், பிள்ளையையும் இழந்துகொண்டிருப்பதாக நினைக்கிறார். வீட்டுக்குப் போங்கள். உங்களோடு இன்னோர் ஆசிரியையோ பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள ஒரு தாயோ வரட்டும். படிப்பின் பெருமையைப் பேசத் தொடங்காதீர்கள். முதலில், "அன்னைக்கு நீங்க அழுதது எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சுக்கா. நான் உங்களைக் கேட்காம நிறையப் பண்ணிட்டேன்" என்று சொல்லுங்கள். பிறகு கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தோடு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். கணக்கு டீச்சர்தானே நீங்கள், ஒரு தாளில் எழுதிப் போடுங்கள். அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் மலேசியாவைப் பற்றிப் பேச முடியும்.

மலேசியாவைப் பற்றி

சட்டப்படி தடுக்கலாமா என்றால், 18 முடிந்த பிறகு அவன் போவதை நீங்களோ நானோ தடுக்க முடியாது. தடுக்க வேண்டிய காரியமும் இல்லை. வெளிநாடு போவதே தப்பு என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள், அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளுங்கள். எப்படிப் போகிறான் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

மலேசியாவில் வெளிநாட்டுத் தொழிலாளராக வேலை பார்க்கக் குறைந்தது 18 வயது ஆகியிருக்க வேண்டும். அவனுக்கு ஜூனில்தான் 18 முடிகிறது என்கிறீர்கள். 'பரீட்சைக்கு முன்னாடியே டிக்கெட் போட்டுடலாம்' என்று ஏஜென்ட் சொல்வதே எனக்குச் சரியாகப் படவில்லை. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் சுற்றுலாவாக விசா இல்லாமல் மலேசியாவுக்குள் போய் 30 நாள் தங்க முடிகிறது. இதைப் பயன்படுத்தி, 'முதலில் போய் இறங்கு, பர்மிட் பிறகு போட்டுக்கலாம்' என்று அனுப்புகிறவர்கள் உண்டு. அப்படிப் போய் வேலை செய்தால் சட்டவிரோதம். பிடிபட்டால் தடுப்பு முகாம், அபராதம், திருப்பி அனுப்புதல் என்றுதான் முடியும். சம்பளம் கொடுக்காவிட்டாலும் போய்க் கேட்க முடியாது.

அம்மாவோடு உட்கார்ந்து ஏஜென்டிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். உங்கள் பதிவு எண் என்ன? வேலைக்கான விசா எது, அதன் நகல் எங்கே? சம்பளம், வேலை நேரம், தங்குமிடம் எழுதிய ஒப்பந்தம் எங்கே? 1983-ம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு பெற்றவர்தான் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க முடியும். பதிவு உண்மையா என்று மத்திய அரசின் இமைக்ரேட் (eMigrate) இணையதளத்தில் பார்த்துவிடலாம், வகுப்பில் எந்தப் பையனைக் கேட்டாலும் போனிலேயே தேடித் தருவான். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். 1,20,000 எதற்கு என்று அவர் கணக்குச் சொல்லட்டும். தமிழக அரசே 1978-ல் தொடங்கி நடத்திவரும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அங்கேயும் விசாரிக்கலாம்.

அந்தக் காலத்தில் நகரத்தார் கடைகளுக்குப் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போன பையன்கள்கூடச் சும்மா கப்பல் ஏறவில்லை. பெட்டியடிப் பையன் என்ற எடுபிடியாகச் சேர்ந்து, பேரேடு எழுதப் பழகி, மேலாளுக்கு அடுத்த நிலையில் அடுத்தாளாகி, அதன் பிறகே கடையை நடத்தும் மேலாளானார்கள். சம்பளச் சீட்டு, அதாவது சம்பள ஒப்பந்தம், எழுதிக்கொண்டுதான் போனார்கள். இதை அம்மாவிடம் சொல்லுங்கள், அவருக்குச் சட்டென்று பிடிபடும். சீட்டு இல்லாமல் பிள்ளையை ஏன் அனுப்ப வேண்டும்?

பரீட்சையை எழுதிவிட்டுப் போவதற்கும் எழுதாமல் போவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பையனிடமும் பேசுங்கள். சில பாடங்கள் போனாலும் துணைத்தேர்வு இருக்கிறது, ஒரு வருடம் வீணாகாது. இதை வகுப்பில் எல்லோருக்கும் சொல்லுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கோடு வாழ்க்கையே முடிந்தது என்று நினைக்கிற பிள்ளைகள் அவன் ஒருவன் மட்டும் இருக்கமாட்டார்கள்.

இரவு வேலை

சமையல் வேலையை ஒரேயடியாக விடச் சொல்லாதீர்கள், அந்த வருமானத்தில்தான் அடுப்பு எரிகிறது. ஆனால் 14 முதல் 18 வயதுக்கு உட்பட்டவர்களை இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணிவரை வேலை வாங்கக் கூடாது என்று வளரிளம் பருவத்தொழிலாளர் சட்டம் சொல்கிறது. புகார் கொடுப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அந்தச் சமையல் மாஸ்டரைப் போய்ப் பாருங்கள். "பரீட்சை முடியுறவரைக்கும் ஞாயித்துக்கெழமை பகல்ல மட்டும் கூப்பிடுங்க, சாமான் பட்டியல் போடுறதை இவன்கிட்டயே குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, பையனை மிரட்டுகிறார் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

இன்னொன்று தோன்றுகிறது. இந்தப் பையனுக்குச் சமையல் தொழில் பிடித்திருக்கிறதா என்று யாராவது கேட்டீர்களா? எட்டுப் பக்கத்தில் அது ஓர் இடத்திலும் இல்லை. பிடித்திருந்தால் திருச்சி துவாக்குடியில் அரசின் ஓட்டல் மேலாண்மை, கேட்டரிங் படிப்புகள் இருக்கின்றன. கணக்குத்தான் பிடிக்கிறது என்றால் காரைக்குடியிலேயே அழகப்பா அரசு கலைக் கல்லூரி. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பையன் உயர்கல்வியில் சேர்ந்தால், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவன் வங்கிக் கணக்குக்கே வரும். ஐடிஐ, பாலிடெக்னிக் சேர்ந்தாலும் உண்டு. ஒருநாள் சனிக்கிழமை நாலைந்து பிள்ளைகளைச் சேர்த்துக் கல்லூரிக்குக் கூட்டிப் போய்க் காட்டிவிட்டு வாருங்கள். தினமும் அந்தச் சாலையில் போய்வருகிற பிள்ளைகளுக்கும் உள்ளே போகலாம் என்று யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது.

சக ஆசிரியர்கள் சொல்வது

அவர்கள் சொல்வதில் பாதி சரி. இப்படி ராத்திரியும் பகலும் தனியாக ஓடினால் ஒரு வருடத்தில் நீங்கள் ஓய்ந்துவிடுவீர்கள், அடுத்த வருடம் இன்னொரு பிள்ளை வரும்போது உங்களிடம் ஒன்றும் மிச்சமிருக்காது. மீதிப் பாதியை நான் ஏற்கமாட்டேன். வீட்டுக்கு வெளியே ஒரு பிள்ளையை வாரத்துக்கு ஐந்து நாள் பார்க்கிற பெரியவர் ஆசிரியர்தான். முகம் வாடியிருப்பது, சட்டை மாறாமல் வருவது, டிபன் பாக்ஸ் கொண்டுவராதது எல்லாம் அவர் கண்ணில்தான் முதலில் படும். பட்டதை உரியவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவருடைய வேலைதான். உங்களுக்கு இப்படிச் சொன்னவர்களில் ஒருவரையாவது, அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கிற ஒருவரை, தனியாகப் பார்த்து, "எனக்கு உங்க உதவி வேணும் சார்" என்று கேட்டுப் பாருங்கள். அவன் சொன்னதை எல்லாம் சொல்ல வேண்டியதில்லை, வீட்டுக்குக் கூட வரச் சொன்னால் போதும். கேட்டால் வருவார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

திங்கட்கிழமைவரை காத்திருக்காமல், இதைப் படித்ததும் தலைமையாசிரியருக்குப் போன் செய்யுங்கள். பையனிடம் பேசுங்கள். அம்மாவைப் பார்க்கப் போகும்போது அவனுடைய கணக்குப்பதிவியல் நோட்டை எடுத்துப் போங்கள். கடைசிப் பக்கத்தை அவனே அம்மாவுக்குப் படித்துக் காட்டட்டும், 300 இலைக்கு என்ன என்ன வேண்டும், ஓர் இலைக்கு எவ்வளவு அடக்கம் என்று. அந்த அம்மா தினமும் பலகாரத்துக்கு மாவு பிசைகிறவர். வெல்லத்தின் அளவு சரியா தப்பா என்று அவருக்குச் சொல்லத் தெரியும். பேசட்டும் இருவரும். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.